ஒரு சாண் மேடு

வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று கடைமடையில் நின்றவர்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, சித்தப்பா, எதிர்வீட்டு அக்கா, அவருடைய மாமியார், நான். இல்லாதவர்கள்தான் அதிகம். அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். எதிர்வீட்டு அக்காவின் கணவரும் அங்கேதான். சித்தப்பாவின் மகன்கள் இருவரும் குவைத்தில். முறைப்படி நானும் அன்று கடைமடையில் நின்றிருக்கக் கூடாது. காலை பத்து மணிக்கு மன்னார்குடியில் ஒரு ஏஜென்ட் வீட்டு மாடியில் இருந்திருக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஒரு முதலாளி நேரில் வந்து ஆள் எடுக்கிறார், மத்தியானமே கிளம்பிவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். முன்பணம் கட்டியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அண்ணன் கையெழுத்துப் போடப் பழகியதே பாஸ்போர்ட்டுக்காகத்தான். என்னைப் படி என்றார்கள், படித்தேன். பாலிடெக்னிக்கில் சிவில்தான் காலியிருக்கிறது என்றார்கள், அதில் சேர்ந்தேன். முடித்ததும் போ என்றார்கள், சரி என்றேன். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் அது குறை சொல்வதாகும். நானும் அதை யோசித்ததில்லை.

விடிகாலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மதகைத் தாண்டும்போது வாய்க்காலுக்குள் ஒரு சலசலப்பு கேட்டது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

முதல் தண்ணீர் ஓடி வருவதில்லை. தவழ்ந்து வருகிறது. முன்னால் அழுக்கு நுரை, அதில் வேப்பஞ்சருகு, ஒரு பிளாஸ்டிக் செருப்பு. வெடிப்பு வரும்போதெல்லாம் நின்று, அதை நிரப்பி, பெருமூச்சு மாதிரி குமிழி விட்டு, மறுபடி நகர்கிறது. வெடிப்புகளுக்குள்ளிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறின. நனைந்த மண்ணின் வாசனை முழங்கால் உயரத்துக்கு எழும்பி அங்கேயே மிதந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் தண்ணீரோடு நடக்க ஆரம்பித்தேன். பஸ் நிற்குமிடமும் அந்தத் திசையில்தானே என்று நினைத்ததாக ஞாபகம். நடை பழகும் குழந்தையின் பக்கத்தில் போவது போலத்தான் போக முடிந்தது. வெயில் ஏறியது தெரியவில்லை. எங்கோ ஒரு ஹாரன் கேட்டது. அது என் பஸ் என்று தோன்றியது. வேறு யாருடைய பஸ்ஸோ என்றும் தோன்றியது.

கடைமடைக்கு நூறடி முன்னால் தண்ணீர் நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பிறகு மேல்வயல் மடைகளில் வழிந்து போனதால் உயரவும் இல்லை. அந்த வாய்க்காலில் கடைசி வயல்கள் எங்களுடையதும், சித்தப்பாவுடையதும், எதிர்வீட்டு அக்காவுடையதும். அங்கேதான் மற்ற ஐந்து பேரும் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள்.

தண்ணீர் வருவதற்கு முன் வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கி வாய்க்காலைத் தூர்வாருவது எங்கள் ஊர் வழக்கம். அந்த வருஷம் வெட்ட ஆளில்லை, ஆனால் வெளிநாட்டுப் பணம் இருந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு மண் அள்ளும் மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்தார்கள். காசு கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தன் வயலுக்கு நேராக வந்ததும் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் ஆழமா அள்ளுப்பா" என்றார்கள். மார் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. கடைமடைக்கு வருவதற்குள் பணம் தீர்ந்து மெஷின் திரும்பிப் போய்விட்டது.

"நாலடி பள்ளம் அங்க, கட்டாந்தரை இங்க. தண்ணி என்ன ஏணி வச்சா ஏறும்?" என்றார் சித்தப்பா. பிறகுதான் என்னைப் பார்த்தார். "ஏன்டா, சிங்கப்பூர் தொரை இன்னும் இங்கதான் நிக்கிறீங்களா? பிளேன் வயலுக்கே வருதோ?"

அம்மாவின் முகம் மாறியது. "பஸ்ஸ விட்டுட்டியாய்யா?"

"அடுத்த பஸ்ஸுல போயிடலாம். ஓடு," என்றார் அப்பா.

முறைத் தண்ணீர் மறுநாள் காலை வரைதான். அதற்குப் பிறகு பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவார்கள். நாற்றங்காலில் பயிர் அப்போதே மஞ்சள் பூத்திருந்தது.

"நாலடி ஆழத்துக்கு நூறடி தூரம் நம்ம ஆறு பேரு வெட்டுறதா? விடுங்க மாமா, ஆவாது," என்றார் எதிர்வீட்டு அக்கா.

நான் தேங்கிக் கிடந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையாமல் கிடந்தது. வானம் முழுக்க அதற்குள் இருந்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தால் என்ன, மேலே தண்ணீரின் முகம் ஒன்றுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. வீட்டுக்கு ஓடினேன். லீவு நாட்களில் கொத்தனாருடன் வேலைக்குப் போகும்போது வாங்கிய டியூப் லெவல் பரணில் கிடந்தது. கண்ணாடி மாதிரியான நீளக் குழாய்தான் அது. தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டம் காட்டும்.

"அக்கா, இந்த முனைய அசங்காம புடிங்க."

"சட்டை அழுக்காவுது பாரு தம்பி. உங்கம்மா கரிப்பெட்டி வச்சு தேச்சு தேச்சு இஸ்திரி போட்டாங்க."

மேடு நெடுகக் குச்சி நட்டு நட்டு அளந்தேன். இருந்த மேடு, நின்ற தண்ணீரைவிட ஒரு சாண் உயரம். அவ்வளவுதான்.

"நாலடி வேணாம் சித்தப்பா. ஒண்ணரை சாண் வெட்டினா போதும். தண்ணி தானா போயிடும்."

"நெசமாவா? புத்தகத்துல போட்டிருக்கா?"

"தண்ணியிலயே போட்டிருக்கு, பாருங்க."

அப்பா சிரிக்கவில்லை. "சரி, நாங்க வெட்டிக்கிறோம். நீ கெளம்பு. இப்ப போனாலும் அந்த முதலாளிய புடிச்சிடலாம்."

வெட்ட வெட்ட மட்டம் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் ஆழம் கூடினால் அடுத்த இடம் மேடாகும். அதைச் சொன்னேன். அப்பா மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"அங்க போனா மாசாமாசம் சம்பளம்டா."

"தெரியும்ப்பா."

"உங்க அண்ணன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"இங்க வேலை இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அப்படி ஒரு வாக்கியம் எனக்குள் இருந்தது எனக்கே அதுவரை தெரியாது. அப்பா நான் நட்ட முதல் குச்சியருகே போய் வெட்டத் தொடங்கினார். எதிர்வீட்டு மாமியார் மட்டும், "வெட்டுறதுதான் வெட்டுறீங்க, எங்க பக்கம் கொஞ்சம் ஆழமா வெட்டுங்களேன்" என்றார். சித்தப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் கடைசிக் கட்டியைக் காலால் தள்ளிவிட்டேன். தண்ணீர் யோசித்தது. பிறகு மெல்லிசாக, ஒரு விரல் அகலத்தில் நகர்ந்து, என் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் நாற்றங்கால் முழுவதும் வெளிச்சமாகிவிட்டது. நான் எங்கே நிற்கிறேன் என்பது அப்போது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பிறகு எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் அந்தத் தெளிவு வருவதில்லை.

அடுத்த கோடையில் மெஷின் வருவதற்கு முன் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து, "மட்டம் பாக்குற தம்பி வீடு எதுங்க?" என்று கேட்டார்கள். இன்றும் அதுதான் என் தொழில். வாய்க்கால் வாய்க்காலாகக் குச்சி நட்டுக்கொண்டு போகிறேன். சம்பளம் மாசாமாசம் வருவதில்லை.

ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "வராதது உங்க பையன், நானா?" என்றாராம். முன்பணம் பதினைந்தாயிரம், மருத்துவப் பரிசோதனைக்கு ஆயிரத்து இருநூறு, அதைக் கேட்டு அப்பா நாலு தடவை மன்னார்குடிக்குப் போய்வந்த பஸ் காசு நாற்பது. ஆக மொத்தம் எங்கள் வீட்டுக்குப் பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.