கேட்காமல் விட்டுக்கொடுத்த இடம்

போன வருடம் மாட்டுப் பொங்கல் அன்று நடந்தது இது. ஊரப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வருடா வருடம் அன்று மாலை கலைநிகழ்ச்சி வைப்பார்கள். பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள், பெற்றவர்கள் போனில் படம் பிடிப்பார்கள், கடைசியில் சாப்பாடு. அந்த வருடப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானேதான் கையைத் தூக்கினேன்.

நான் செங்கல்பட்டில் கல்லூரியில் படித்தபோது ஒரு கிராமியப் பாட்டு சக்கைப்போடு போட்டது. உப்பு வாங்கப் போன புருஷன் ஊரைச் சுற்றிவிட்டு வர, பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கும் சண்டைப் பாட்டு. பாடியவர்கள் நிஜமாகவே கணவன் மனைவி, செய்யூர்ப் பக்கத்துக்காரர்கள். எந்த பஸ்ஸில் ஏறினாலும் அந்தப் பாட்டுதான். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் எவ்வளவோ பாடியிருக்கிறார்கள், ஒன்றின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இப்போது மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட்டுகளில் சனி, ஞாயிறுகளில் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நம்பர் தேடிப் பிடித்து அழைத்துவிட்டேன். குடியிருப்பில் பாதிப் பேர் டிஜே வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரரும் டிஜே கட்சிதான். நிகழ்ச்சி சொதப்பினால் அடுத்த பொங்கல் வரை என்னை ஓட்டித் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பண்டிகை நாளில் பஸ்ஸை நம்ப முடியாது என்று அவர்களை அழைத்துவர நானும் வீட்டுக்காரரும் மதியம் காரை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்கே போனோம். பாட்டுக்கார அண்ணன் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். அவர் மனைவி, அந்த அக்கா, என்னோடு பின்னால். நல்ல கலகலப்பான பயணமாக இருக்கும், சண்டைப் பாட்டு பாடுகிறவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று பார்க்கலாம் என்று ஆசையோடு இருந்தேன். கார் செய்யூரைத் தாண்டியும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "டோலக்கு உறைய எடுத்தாந்தாரான்னு கேளு பாப்பா" என்றார். கேட்கவேண்டிய ஆள் ஒரு கை தூரத்தில் இருக்கிறார். நானும் கேட்டேன். எடுத்து வந்ததாக அண்ணன் என்னிடம் சொன்னார், நான் அக்காவிடம் சொன்னேன். தண்ணீர் பாட்டில், மாத்திரை, ஜன்னல் கண்ணாடி என்று எல்லாமே என் வழியாகப் போய் என் வழியாகத் திரும்பியது. என் வீட்டுக்காரர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துச் சிரித்ததைச் சொல்லவே வேண்டாம்.

மதுராந்தகத்துக்கு அருகே டீ குடிக்க நிறுத்தினோம். ஆண்கள் கடைப் பக்கம் போனதும் அக்கா கொட்டித் தீர்த்துவிட்டார். அந்தப் பாட்டைப் புதிதாக எடுத்து வெளியிட ஒரு யூடியூப் சேனல்காரர்கள் போன் செய்திருக்கிறார்கள். பெண் குரலுக்கு அக்காவே வேண்டுமாம், ஆண் குரலுக்கு ஒரு இளம் பாடகரைப் போட்டுக்கொள்வார்களாம். போனை எடுத்த அண்ணன், சரி, அவளை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கூடப் பாடுற எடம் அவருதுதான், இல்லேங்கல. ஆனா யாரக் கேட்டுக்கினு குட்த்தாரு? என்கூட பாடி அலுத்துப் பூட்ச்சோ இன்னாவோ. இன்னிக்கு உனுக்கு வாக்கு குட்த்துட்டோம், வந்துகினு கீறேன். இத்தோட சரி. நாளிக்கு மறைமலை நகர்ல பொண்ணு வூட்டுக்குப் போறேன், இனிமே பாட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

எனக்கு நம் நிகழ்ச்சி என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, எனக்கு அவ்வளவு பிடித்த ஜோடி கடைசியாகப் பாடப்போவது எங்கள் பார்க்கிங் இடத்தில் போட்ட மேடையிலா என்ற வருத்தம். சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

மேடையில் ஏறியதும் இருவர் முகத்திலும் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பழக்கம்தான். நான் பெருமையாகப் பழைய பதிவின் இசையை மட்டும் தனியாகப் பிரித்து வாங்கி, மைக் செட்காரரிடம் கொடுத்திருந்தேன். அச்சு அசலாக அப்போது கேட்ட மாதிரியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ரிசார்ட்டுகளிலும் அப்படித்தான் கேட்பார்களாம், அதனால் அந்த உச்ச சுருதியிலேயே இத்தனை வருடமும் பாடி வருகிறார்களாம். இளவயதில் பாடியதற்கும் இப்போது பாடுவதற்கும் நடுவில் ஒரு ஆயுசு ஓடியிருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

"உலை கொதிச்சு வத்திப்போச்சே, ஊரு கண்ணு தூங்கிப்போச்சே" என்று அக்கா முடிக்க, "தூங்கிப்போன ஊருக்குள்ள தொலைஞ்சு நானும் நின்னேன் புள்ள" என்று அண்ணன் எடுத்தார். மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கண் இமைக்கும் நேரத்தில் அக்கா அந்த வரியைத் தானே வாங்கிப் பாடி முடித்துவிட்டார். அது முதல் முறை செய்கிற மாதிரி இல்லை.

பதிவில் உள்ள பாட்டு முடிந்ததும், மேடையில் மட்டும் ஒரு பகுதி உண்டு. இசை நின்றுவிடும், டோலக் மட்டும். இருவரும் அந்தந்த ஊருக்கு ஏற்றபடி அங்கேயே வரி கட்டிச் சண்டை போட வேண்டும். ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவர் எந்த வார்த்தையில் முடிக்கிறாரோ, அந்த வார்த்தையில்தான் மற்றவர் தொடங்க வேண்டும். தொடங்க முடியாதவர் கும்பிட்டுத் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும். வழக்கமாகக் கடைசியில் அண்ணன்தான் தோற்பாராம்.

ரயிலைப் பற்றி, ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலைப் பற்றி, எங்கள் லிஃப்டைப் பற்றியெல்லாம் கிண்டலாகப் பாடினார்கள். ஒரே சிரிப்பு. அப்புறம் அக்கா சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பி நின்றார்.

"போன எடுத்துப் பேசினது யாரு? என் பக்கத்து எடத்தக் குடுத்தது யாரு?"

எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டில் அடுத்த கட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். அது நிஜச் சண்டை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் 'யாரு' என்று தொடங்கவில்லை. டோலக்கைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். தோற்றுப்போய்விட்டேன், விட்டுவிடு என்பதுபோல. மைக் செட்காரர் முடிந்துவிட்டதென்று எழுந்தேவிட்டார்.

அக்கா விடவில்லை. அதே வரியை மறுபடி பாடினார். இந்த முறை கொஞ்சம் மெதுவாக. பிள்ளைகள்கூட சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அண்ணன் விரலால் லேசாக டோலக்கைத் தொட்டார்.

"யாரு கேக்கப் போறா புள்ள, என் தொண்ட ஒடஞ்ச பான புள்ள. ஒசர ஏற முடியலயே, ஒன்ன இழுக்க மனசு இல்லயே. நீயாச்சும் போயேன் மேல."

பாடினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அலுத்துப்போய் விட்டுக்கொடுக்கவில்லை அந்த மனிதர். தன் குரல் போய்விட்டது, அதனால் இவளும் தேங்கிவிடக் கூடாது என்று தானாக ஒதுங்கியிருக்கிறார். அதைச் சொல்ல வெட்கம். அக்காவும் அவர் குரல் உடைவது தெரிந்து, அவர் மனம் நோகக் கூடாதென்று வாய் திறக்காமல் இட்டு நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரியும் என்பது இருவருக்கும் தெரியவில்லை. என் கண் கலங்கிவிட்டது.

அக்கா யோசிக்கவே இல்லை.

"மேல ஏறித் தனியா நின்னா, யாரு கூட சண்ட போட? கீழ நானே எறங்கி வாரேன், கூடப் பாட வாய்யா நீயும்."

அதோடு மைக் செட்காரரிடம் அந்த இசையெல்லாம் வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, அதே பாட்டை முதலிலிருந்து, நன்றாகச் சுருதி இறக்கித் தொடங்கினார். அண்ணன் குரல் அதில் அழகாக உட்கார்ந்தது. கரகரப்பாக, தாமதமாக வீட்டுக்கு வந்த புருஷன் குரல் எப்படி இருக்குமோ அப்படியே. இன்னொன்றும் நடந்தது. உச்ச சுருதியில் நாங்கள் கேட்கத்தான் முடிந்தது, இப்போது எங்களுக்கும் எட்டியது. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். டிஜே கேட்ட என் வீட்டுக்காரர் எழுந்து ஆடியதை நான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது காட்டுவேன்.

சாப்பிடும்போது இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அப்பளத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, என் உதவி இல்லாமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மறைமலை நகர்ப் பேச்சு என்ன ஆயிற்று என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "போவாம? பொங்கச் சீரு குட்க்க ரெண்டு பேருமா போறோம்" என்றார். சேனல்காரர்களிடம், இரண்டு பேரும் வருவோம், இந்தச் சுருதியில்தான் பாடுவோம் என்று பிறகு சொல்லிவிட்டார்களாம். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர்கள்தான், அதன் பிறகு பேச்சு மூச்சில்லை. அக்கா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்போது என் அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வோடு ஒரகடத்துக்கு மாற்றல் வந்திருந்தது. எங்களோடு இருக்கும் மாமியார் பகலெல்லாம் வீட்டில் தனியாகக் கஷ்டப்படுவார் என்று நானே முடிவெடுத்து, வேண்டாம் என்று சொல்ல இருந்தேன். மனதுக்குள் பெரிய தியாகி நினைப்பு வேறு. பொங்கல் முடிந்த வாரம், முதல் முறையாக மாமியாரிடமே கேட்டேன். "உன்ன யாரும்மா வூட்ல குந்திகினு கீறச் சொன்னது?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். இப்போது தினமும் ஒரகடம் போய் வருகிறேன். ஒருவருக்காக எதை விட்டுக்கொடுப்பதானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவருக்கு அது வலிக்கும் என்பதை, அந்த இரண்டு பேரும் மேடையில் போட்ட சண்டையில்தான் நான் தெரிந்துகொண்டேன்.