குரங்குக்கு வாங்கிய பூட்டு

சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகாது. உருகிக்கொண்டிருக்கும் பாத்திரத்தில் ஈரக் கரண்டி பட்டாலே போதும், பளபளவென்று இருந்தது சட்டென்று இறுகித் திப்பித்திப்பியாகிவிடும். அதனால் பாத்திரம், கரண்டி, அச்சு எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். அப்படியிருந்தும் இரண்டு முறை திப்பியாகிப் போனது.

திருத்தணியில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்பவளை யாரும் சும்மா விடமாட்டார்கள். முட்டை கலந்திருக்கிறதா, கிருத்திகை விரதத்தில் சாப்பிடலாமா என்று குடைவார்கள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? அவர்களைவிடப் பெரிய சந்தேகப் பிராணி. முதலில் சென்னையில் சாக்லேட் கட்டி விற்பவரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் பொறுமையாக, "தண்ணி பட்டிருக்கும்மா" என்றார்.

யார் பட வைத்தது? யோசித்துப் பார்த்தால் இரண்டு முறையும் என் நாத்தனார் வந்திருந்தாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து கிருத்திகை தவறாமல் டவுன் பஸ்ஸில் வருவாள். மலைக்குப் போய்விட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாள். வந்தால் சமையலறையை விட்டு நகரமாட்டாள். "எவ்ளோ சூடு வெக்கணும் அண்ணி? இன்னாத்துக்கு கிண்டிகினே இருக்கணும்?" என்று கேள்விக்குமேல் கேள்வி. போனில் வீடியோ வேறு. தொழிலைக் கற்றுக்கொண்டு, என்னுடையதைக் கெடுத்துவிட்டு, அங்கே கடை போடப் போகிறாள் என்று முடிவுகட்டினேன்.

கணவரிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கையை விட்டுக்கொடுப்பாரா? சமையலறைக் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன்.

அடுத்த முறை வந்தவள் பூட்டைப் பார்த்து, எதற்கு என்றாள்.

"கொரங்கு வருது" என்றேன்.

"ஆங், மலையிலயும் அதே தொல்லைதான் அண்ணி. என் கையில இருந்த தேங்காயவே புடுங்கிகினு ஓடிச்சி" என்றாள். என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கென்று பள்ளிப்பட்டுக் கல்யாண வேலை. தாம்பூலப் பையில் போட என் சாக்லேட் கேட்டிருந்தார்கள். முதல் பெரிய ஆர்டர். விடிந்தால் கார் வரும். கையில் இருந்த கட்டியெல்லாம் ஒரே பாத்திரத்தில் உருகிக்கொண்டிருந்தது. அது கெட்டால் மறுபடி வாங்கி வரக்கூட நேரமில்லை, பள்ளிப்பட்டில் இனி என் பேரைச் சொன்னாலே சிரிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து, சாக்லேட் அடுக்க நான் சொல்லியிருந்த அட்டைப் பெட்டிகளோடு கடைக்காரர் வாசலில் வந்து கூப்பிட்டார். ஓடினேன். பாதி வழியில்தான் கதவைப் பூட்டாதது உறைத்தது. திரும்பி ஓடி வந்தேன்.

அவள் அடுப்பருகே நின்றிருந்தாள். இடது கையில் டம்ளர், பாத்திரத்துக்கு மேலே வலது கை. விரல்கள் ஈரம். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். துளிகள் தரையில் விழுந்தன.

"கையும் களவுமா புடிச்சிட்டேன்டி! இன்னா அது?"

மிரண்டுபோய் டம்ளரை நீட்டினாள். சந்தன வாசனை அடித்தது.

"மலைச் சந்தனம் அண்ணி. தண்ணியில கரைச்சி தெளிச்சா நல்லதுன்னு..."

"போன தடவையும் தெளிச்சியா?"

"ஆங். மொத தடவ தெளிச்சும் உங்களுக்குக் கெட்டுப்போச்சே. எவ கண்ணோ பலமா பட்டுகீதுன்னு போன தடவ இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா தெளிச்சேன்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று கத்திச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. டம்ளரைக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்து, மறுபடியும் துடைத்தாள்.

பாத்திரத்தைப் பார்த்தேன். சாக்லேட் பளபளவென்றே இருந்தது. ஆர்டர் பிழைத்தது, அப்பாடா என்றிருந்தது.

அவள் சாக்லேட்டைப் பார்க்கவில்லை. கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அது கொரங்குக்கு இல்லையா அண்ணி?" என்றாள்.