என் குரலில் ஒரு இங்கிலீஷ்

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பாறசாலையில் வாழைக்குலை வியாபாரம் செய்தே மாடி வீடு கட்டினேன்; மகளை எம்.ஏ. படிக்க வைக்கிறேன். எனக்கு வராத ஒன்று இங்கிலீஷ்தான்.

ஒரு நாள் மதியம் கடையிலிருந்து பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தேன். மகளின் அறைக்குள் என் குரல் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தது. இடையிடையே என்னைப் போலவே கனைத்தது. அடுப்படிப் பக்கம் நடந்தேன்.

அடுப்படியில் நின்ற மனைவி அந்த அறையைப் பார்த்து, "எப்பம் வந்திய? இதென்ன புதுசா இங்கிலீசு? சோறு எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

"எடு" என்றேன், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று.

திரும்பினாள். "எனக்க மாதாவே! அப்பம் உள்ள ஆரு?"

இதய நோய்க்காரி, மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். தாங்கிப் பிடித்தேன்.

துணி எடுக்க மாடிக்குப் போயிருந்த மகள் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். அறையில் ஆளே இல்லை. அவளுடைய போன்தான் பேசிக்கொண்டிருந்தது.

"ஒங்க பேச்சைப் பதிஞ்சு, ஏ.ஐ. ஆப்பு வச்சு பாடத்தை ஒங்க குரலுல வாசிக்க வச்சேன் அப்பா. வேற ஆளு இங்கிலீசு பேசினா எனக்குப் பேடியாக்கும், பயத்துல ஒண்ணும் மண்டையில ஏறாது" என்று அழுதாள்.

மனைவி பிழைத்தது கடவுள் கருணை. இப்போது மகள் தன் வாயாலேயே வாசிக்கிறாள். புரியாவிட்டாலும் நான் எதிரே உட்கார்ந்து கேட்கிறேன். வெளியே போய் வந்தால், வாசலில் நின்றே மனைவியைக் கூப்பிடுகிறேன். அவளோ என் கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறாள்.