சிவப்பு மையால் அடித்த நாற்பத்தொரு பெயர்கள்

பிறர் விரும்பிய பாட்டைப் போட்டுப் பிழைப்பவனுக்கு நல்ல காது மட்டும் இருந்தால் போதாது. பெயர்களைப் பிழையின்றி வாசிக்க ஒரு நாக்கும், வாசித்தபின் வரும் வசவைச் சுமக்க ஒரு முதுகும் வேண்டும். தக்கலைப் பக்கத்து உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி ஒன்றில் 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சியை ஒன்பது ஆண்டுகள் நடத்தியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு முடிந்தது. எஞ்சிய தமிழைக் கிளை நூலகத்து மேசையில் நானே தேடிக் கற்றேன். அலுவலகச் சன்னலுக்குப் பின்னாலோ, கடை மேசைக்குப் பின்னாலோ அமர்ந்து, ஊராரின் விருப்பத்தைக் கேட்டுக் கேட்டுத் தம் விருப்பம் இன்னதென்பதையே மறந்துபோன அன்பர்கள் இதைப் படித்தால், என் பாடு அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

பாட்டு எதுவானால் என்ன?

நிகழ்ச்சி தொடங்கிய முதல் வாரம். திங்கள்சந்தையிலிருந்து ஓர் அம்மையார் அழைத்தார். மகளுக்குப் பிறந்தநாளாம். பேச்சிப்பாறையில் இருக்கும் பெரியப்பா தொடங்கி, துபாயில் இருக்கும் மைத்துனர் வரை முப்பத்திரண்டு பெயர்களை மூச்சுவிடாமல் சொன்னார். நானும் விடாமல் எழுதினேன். எல்லாம் முடிந்தபின், எந்தப் பாடல் வேண்டும் என்று வினவினேன். அவர் பெயர்களை மறுபடி எண்ணத் தொடங்கினார். பக்திப் பாடலா, திரைப்பாடலா என்று எடுத்துக்கொடுத்தும் பயனில்லை.

இறுதியில் அவர் சற்றே சலிப்போடு சொன்னார்: "பாட்டு என்னத்தையாவது போடுங்க சாரே. பேர மட்டும் ஒண்ணும் விடாம வாசிச்சிரணும், கேட்டியளா?"

மேசைக்கு அடியில் ஒரு கால்

கடல் ஊருக்குள் ஏறிவந்து போனதற்கு அடுத்த அடுத்த ஆண்டு, முட்டத்துக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து நான்கு இளைஞர்கள் எங்கள் நிலையத்துக்கு வந்தார்கள். கோயில் பாடகர் குழுவில் கிதாரும் டிரம்ஸும் பழகியவர்கள். அவர்களில் முன்னின்று பேசியவன் ஆன்றோ, பாடுகிறவனும் அவனே. திருவனந்தபுரத்தில் பதிவுசெய்த குறுந்தகடு ஒன்றை இரு கைகளாலும் நீட்டினான். 'எழும்பு மக்கா' என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது.

நான்கு நிமிடம் ஓடியது, நின்றுவிட்டது. கருவிதான் பழுதோ என்று நான் அதன் தலையில் தட்டினேன். பழுதில்லை, தகட்டில் இருப்பதே ஒரு பாட்டுதான் என்றான் ஆன்றோ. வெளிநாட்டில் முதலில் ஒற்றைப் பாட்டைத்தான் விடுவார்களாம். அது பிடித்துப்போனால் ஜனங்கள் மற்றவற்றையும் கேட்டு வருவார்களாம். தகடு என்றால் எட்டுப் பாட்டாவது இருப்பதே முறை என்று அவனுக்கு விரிவாக எடுத்துரைத்தேன். உடைந்த வள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை, விடிந்துவிட்டது எழும்பு என்று தோளைத் தொட்டு உலுக்குகிற பாட்டு அது. மென்மையாகத் தொடங்கி, டிரம்ஸ் சேர்ந்ததும் அலைபோல் ஏறியது. முகத்தில் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இளைஞர்கள் போனபிறகு, கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் பிஜு என்னிடம் மெல்லச் சொன்னார்: "சாரே, நீங்க முறையச் சொல்லிட்டு இருந்திய. மேசைக்கு அடியில ஒங்க காலு தாளம் போட்டுட்டு இருந்துது."

சட்டியும் மீனும்

ஐந்நூறு தகடுகள் அடித்திருந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடைக்காரர் ஒருவர், ஆன்றோவின் முகத்துக்காக ஐம்பதை வாங்கி முன்வரிசையில் அடுக்கினார். வாங்கிச் சென்றவர்களில் பாதிப்பேர் மறுநாளே திரும்பி வந்தார்கள். ஒரு பாட்டுக்குப்பின் ஒன்றும் வரவில்லை, வேறு தகடு தாருங்கள் என்றார்கள். வேறு தகட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னபோது அவர்களுடைய ஐயம் தகட்டிலிருந்து கடைக்காரர் மீது தாவியது. ஒருவர் தம் வீட்டுக் கருவியையே தோளில் சுமந்துவந்து, கடைவாசலில் ஓடவிட்டு, ஊரைக் கூட்டி நிரூபித்தார். அந்தக் கூட்டத்தில் பாட்டைக் குறை சொன்னவர் ஒருவருமில்லை. இரண்டாம் முறையும் போடச் சொல்லிக் கேட்டார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

ஒரு வாரத்தில் கடைக்காரர் ஆன்றோவை அழைத்து, எஞ்சியவற்றைப் பெட்டியோடு கொடுத்தார். "பாட்டு கொள்ளாம் மக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு துண்டு மீனுக்கு ஆரும் சட்டி வாங்க மாட்டாவ."

இரண்டு வழி

அந்த வேளையில் நாகர்கோவிலில் இருந்து இசைத்தகடு நிறுவனத்தின் முகவர் ஒருவர் வந்தார். எங்கள் நிலையத்தில் ஒவ்வோர் ஆண்டின் கடைசி நாளிலும், நேயர்கள் மிகுதியாகக் கேட்ட பத்துப் பாடல்களை வரிசைப்படுத்தி வாசிப்பேன். அழைப்புகளை எழுதிவைக்கும் என் நோட்டுப் புத்தகமே அதற்கு ஆதாரம். அந்த வரிசையில் 'எழும்பு மக்கா' முதலிடம் பிடித்தால், எட்டுப் பாட்டு கொண்ட முழுத் தகட்டைத் தம் நிறுவனமே வெளியிடும் என்றார் முகவர். ஆன்றோவின் தாய்மாமனோ வளைகுடாவிலிருந்து விசா அனுப்பியிருந்தார். முதலிடம் என்றால் பாட்டு, இல்லையென்றால் விமானம்.

இதைச் சொல்ல ஆன்றோ என்னிடமே வந்தான். தனக்காக எதுவும் கூட்டிப்போட வேண்டாம் என்பதைச் சொல்லவும் வந்தானாம். "விசா பெட்டிக்குள்ள கெடக்கு சாரே. ஒங்க நோட்டு என்ன சொல்லுதோ, அதத்தான் நான் கேப்பேன்."

ஒரே குரல்

நிகழ்ச்சியில் ஓரிருமுறை போட்டிருந்ததால், கல்லூரி மாணவர்கள் சிலர் அந்தப் பாட்டைக் கேட்டு அழைத்தார்கள். ஆனால் மிகுதியான அழைப்புகள் ஒரே குரலில் வந்தன. சற்றே கரகரத்த பெண்குரல். பின்னணியில் பேருந்தின் ஒலி. ஒரு ரூபாய்ப் பெட்டித் தொலைபேசிகளிலிருந்து பேசுவாள். திங்களன்று திருவட்டாறு தங்கம் விரும்பிக் கேட்பதாகச் சொல்வாள். செவ்வாயன்று இரணியல் சரோஜினி என்பாள். முதல் வாரத்திலேயே எனக்கு ஐயம் தட்டிவிட்டது. பெயர்களை நோட்டில் எழுதினேன், வாசிக்கவில்லை. பிஜு விசாரித்துவந்து சொன்னார்: அவள் ஆன்றோவின் தாய் மரியபுஷ்பம். மீன் விற்கப் போகும் ஊர்களிலிருந்தெல்லாம் அழைக்கிறாளாம்.

மகனுக்காகக் கள்ள வாக்குப் போடுகிறாள் என்று தீர்மானித்தேன். ஒருநாள் அவளுடைய அழைப்பு நேரலையிலேயே வந்தது. குலசேகரத்திலிருந்து பேசுவதாகத் தொடங்கினாள். நான் இடைமறித்தேன். "அம்மா, தாங்கள் நேற்று தங்கமாக இருந்தீர்கள், இன்று காலை சரோஜினியாக இருந்தீர்கள், இப்போது யாராக இருக்கத் திருவுளம்?" என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை முந்தின இரவே எழுதி வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். தாலுகாவே சிரித்தது என்று மறுநாள் பலர் பாராட்டினார்கள். அவள் சொன்னதை முழுமையாகக் கேட்காமல், பெயர் வருமுன்பே இணைப்பைத் துண்டித்தேன். கேட்ட அளவு இதுதான்: "கிண்டல் பண்ணுங்க சாரே, பரவால்ல. ரூவா தீரப்போவுது, பேர எழுதிக்கிடுங்க."

நான்காம் இடம்

ஆண்டின் கடைசி நாள் காலையில் நோட்டைத் திறந்து, அந்தக் குரலில் வந்த நாற்பத்தொரு பெயர்களையும் சிவப்பு மையால் அடித்தேன். அளவுகோல் வைத்து நேராக அடித்தேன். அவற்றைச் சேர்த்திருந்தால் முதலிடம், நீக்கியதால் நான்காமிடம். நடுநிலை தவறாதவன் என்ற பெருமிதத்தோடு பட்டியலை வாசித்தேன். முகவர் அதன்பின் வரவில்லை.

அறிவிப்பு முடிந்ததும் நிலையத்து வாசலில் ஆன்றோ நின்றிருந்தான். சண்டைக்கு வந்திருப்பான் என்று நான் பதிலைத் தயாரித்துக்கொண்டு போனேன். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அடுத்த மாதமே வளைகுடாவுக்குப் போய்விட்டான். அன்று வாசலில் அவன் சொன்னது: "சினிமாப் பாட்டுக்கு அடுத்தாப்புல நாலாவதா வந்தோம்லா, அது போதும் சாரே. ஒங்க நோட்டு பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும்."

தங்கம் என்று ஒருத்தி

சில மாதங்கள் சென்று திருவட்டாற்றில் ஒரு திருமண வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தியில் நான் தண்ணீர் கேட்ட குரலைக் கொண்டே என்னை அடையாளம் கண்டு, நடுவயதுப் பெண் ஒருத்தி அருகே வந்தாள். எல்லார் பெயரையும் வாசிக்கிறீர்கள், என் பெயரை மட்டும் ஏன் ஒருநாளும் வாசிக்கவில்லை என்று கேட்டாள். பெயர் என்னவென்று விசாரித்தேன். தங்கம் என்றாள்.

கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தேன். ஏன் தாமே அழைக்கவில்லை என்று கேட்டேன். தொலைக்காட்சியில் தன் குரல் கேட்டால் கணவர் வீட்டில் இருக்கவிட மாட்டார் என்றாள். தெருவில் பலருக்கும் அதே நிலைதானாம். மீன்காரி மீனை வெட்டிக் கொடுக்கும்போது அந்தப் பாட்டை முனகுவாளாம்; பிறகு எங்கள் தொலைக்காட்சியில் கேட்டு இவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. வாரந்தோறும் அவளிடம் பெயரைச் சொல்லி அனுப்பினார்கள். பாடியவன் அவள் மகன் என்பது தங்கத்துக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் நான் இரணியலுக்குப் போனேன். சரோஜினி அங்கே தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்தாள். நோட்டைப் பார்த்து நான் தேடிப்போன பெயர்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அன்று பந்தியில் தங்கம் சொன்னது இது: "கொரலு அவளுக்கதுதான் சாரே. ஆசை எங்களுக்கது."

காக்கைக்கு மினுக்கம்

மரியபுஷ்பத்தைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். மணலில் விரித்த கருவாட்டுக்கு மேலே கயிறு கட்டி, விற்காத தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். வெயிலில் அவை பளிச்சிட, காக்கைகள் தள்ளியே நின்றன. நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். எட்டுப் பாட்டுத் தகட்டை இழந்ததற்கும், மகனைக் கடல்கடந்து அனுப்பியதற்கும் அவள் என்னை மண்வாரித் தூற்றியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். அவள் கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டே இருந்தாள். மகனிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், வேலையில் மனம் ஓடாது என்று கேட்டுக்கொண்டாள்.

நான் எழுந்தபோதுதான் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அவளுவ பேர வாசிச்சிருக்கலாம் சாரே. என்னைய நம்பிச் சொல்லிவிட்டாளுவ."

கடைசி நிகழ்ச்சி

பிறகு கைபேசிகள் வந்தன. விரலளவு அட்டையில் ஆயிரம் பாட்டு அடங்கியது. கேட்ட பாட்டைப் போட ஒருவர் தேவையில்லாமல் போயிற்று. விந்தை என்னவென்றால், ஒற்றைப் பாட்டாக இருந்ததால் கடையில் விலைபோகாத 'எழும்பு மக்கா', ஒற்றைப் பாட்டாகவே கைபேசிக்குக் கைபேசி தாவியது. மினிபஸ்ஸில் கேட்டேன், பள்ளி விளையாட்டு விழாவில் கேட்டேன், கோயில் திருவிழாவில், பாடியவன் பெயர் தெரியாதவர்கள் கூடவே பாடக் கேட்டேன். பாடியவன் வளைகுடாவில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். பாடுவதை விட்டுவிட்டான் என்று பிஜு சொன்னார்.

நிகழ்ச்சியை நிறுத்துவதென்று நிலையத்தார் முடிவுசெய்தார்கள். கடைசி நாளன்று பழைய நோட்டைக் கொண்டுபோனேன். சிவப்புக் கோட்டின் அடியில் எழுத்துகள் தெளிவாகவே இருந்தன. திருவட்டாறு தங்கம் தொடங்கி நாற்பத்தொரு பெயர்களையும் நிறுத்தி வாசித்து, இவர்கள் ஏழாண்டுகளுக்கு முன் விரும்பிக் கேட்ட பாடல் என்று அறிவித்தேன். பாட்டு ஓடியது. கேபிள் கடலைத் தாண்டாது. கேட்க வேண்டியவன் கேட்டிருக்க மாட்டான். டிரம்ஸ் ஏறும் இடத்தில் தொலைபேசி மணி அடித்தது. அதே கரகரத்த குரல். இம்முறை பேருந்து ஒலியில்லை. நன்றி சொல்ல அழைத்திருப்பாள் என்று நான் நிமிர்ந்து அமர்ந்தேன்.

"சாரே, குலசேகரம் லலிதாவ விட்டுட்டியளே. அண்ணிக்கு அவ பேரச் சொல்லுததுக்குள்ள நீங்க கட் பண்ணிட்டிய."

பெயர்களை ஒரு பிழையுமின்றி வாசிப்பதில் கல்குளம் தாலுகாவில் எனக்கு நிகர் எவருமில்லை என்று இன்றும் மார்தட்டுவேன், குலசேகரம் லலிதாவின் காதில் விழாதவரை.