திரும்பி வந்த வாழைப்பூ வடைத் தட்டு

போன தை மாதம் என் மகனுக்குக் கல்யாணம். எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கம், பெண்ணுக்குக் கரையாம்புத்தூர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் கல்யாணத்தை எடுத்து நடத்துவோம். வில்லியனூரில் மண்டபம் பிடித்து, முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று ஏற்பாடு.

சமையல்காரரிடம் மெனு பேசப் போனபோது பெண்ணையும் வரச் சொல்லியிருந்தான் மகன். இதெல்லாம் எதற்கு என்று எனக்கு உள்ளுக்குள் முணுமுணுப்புதான். வந்தவள் பந்திச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்புகிற நேரத்தில்தான், "அத்தை, ரிசப்ஷனுக்கு ஸ்டார்ட்டர் மாதிரி ஏதாவது குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"ஸ்டார்ட்டரா? எங்க வூட்ல மோட்டாருக்குத்தாம்மா ஸ்டார்ட்டர் இருக்குது" என்றேன்.

சிரித்துவிட்டுக் காரணம் சொன்னாள். அவள் ஊர் ஜனம் வயல் வேலை முடித்து, அவசரமாகக் குளித்து, வேன் ஏறி வருவார்களாம். மேடையில் போட்டோ எடுத்துப் பந்தி போட எட்டு மணியாகிவிடும். அதுவரை குழந்தைகளும் சுகர்காரர்களும் பசி தாங்க மாட்டார்கள். நான் என்னமோ ஸ்டைலுக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

சமையல்காரர் மாதிரிக்குச் சிலதைச் செய்து கொடுத்தார். குச்சியில் குத்திய பன்னீரை நான் வேண்டாமென்றேன், குழந்தைகள் அந்தக் குச்சியை வைத்துக் கத்திச் சண்டை போடும். அவளோ ஒவ்வொன்றையும் ஆறவிட்டு ஆறவிட்டுத் தின்று பார்த்தாள். கூட்டத்தில் யாருக்குச் சூடாகக் கிடைக்கப் போகிறது என்றாள். கடைசியில் ஒரே வாயில் போடுகிற அளவில் வாழைப்பூ வடை, கோபி 65, சின்னக் கப்பில் பட்டாணிச் சுண்டல், எங்கள் வயல் கரும்பிலேயே இஞ்சி எலுமிச்சை போட்டு ஜூஸ் என்று முடிவானது.

விஷயத்தைக் கேட்ட என் ஓரகத்தி, "வர்றதுக்கு முன்னாடியே நாட்டாமையா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் இது. யார் வாயிலும் விழாமல் இது நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று எனக்குக் கல்யாணத்தைவிட இதுதான் பெரிய கவலையாகிவிட்டது.

ரிசப்ஷன் அன்று வேன் வந்தது. கூட்டம் உட்கார்ந்தது. பரிமாறுகிறவர்கள் தட்டுகளோடு வரிசை வரிசையாகப் போனார்கள். போன தட்டெல்லாம் போன மாதிரியே திரும்பி வந்தன. ஒரு வடை குறையவில்லை. ஓரகத்தி என்னைப் பார்த்தாள். மேடையில் மாலையோடு நின்ற பெண்ணும் தட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லும்போது மட்டும் சிரித்தாள்.

பொறுக்க முடியாமல் பெண் வீட்டுக்காரர்கள் பக்கம் போய் ஒரு அம்மாவிடம், ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "மாப்ள வூட்டுக்காரங்க மொதல்ல சாப்புடட்டும்மா. வூட்டு ஆளுங்க யாரும் கூப்புடாம நாங்க எப்புடிக் கை நீட்றது?" என்றார். பக்கத்திலேயே ஒரு குழந்தை தட்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் வந்து கேட்டால், "அது பொண்ணு வூட்டுக்கு வச்சதாச்சே, நாம கை வெச்சா நல்லாவா இருக்கும்?" என்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதை பார்த்தே பட்டினி கிடந்தது.

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. மேடையேறிப் பெண்ணின் காதில் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். "நாமளே கூப்புட்டுடலாம் அத்தை" என்றவள், மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கினாள். போட்டோக்காரர் மேடம் மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் தாலி ஏறவில்லையே, பொண்ணு மேடையை விட்டு இறங்கலாமா என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு நேராக என் ஓரகத்தியிடம் போனாள். "பெரியத்தை, எடுத்துக்குங்க. நீங்க ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க எடுப்பாங்க." ஓரகத்தி ஒரு வடை எடுத்தாள். வாயில் போட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே இன்னொன்றும் எடுத்தாள். அந்தப் பக்கம் என் மகன் சுண்டல் கப்புகளோடு மாமியார் வீட்டு ஜனங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன். என் பின்னாலேயே சம்பந்தியம்மாவும் ஒரு தட்டோடு கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் யார் எந்த வீட்டு ஆள் என்றே தெரியாதபடி மண்டபம் கலகலவென்று ஆகிவிட்டது. பந்திக்கு இலை போட்டபோது, அந்த வடை இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மத்தியானத்திலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிரே ஒரு கை கரும்பு ஜூஸை நீட்டியது. "நீங்க ஒண்ணுமே சாப்புடல அத்தை. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இஞ்சி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலையில்தான் தாலி கட்டினான் என் மகன். என்னைக் கேட்டால், அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது முந்தின நாள் சாயங்காலமே, மேடையிலிருந்து இறங்கி வாழைப்பூ வடைத் தட்டைக் கையில் வாங்கிய அந்த நிமிஷத்தில்தான் என்பேன்.