செசிலியும் பீப்பாய்த் தண்ணீரும்

குளச்சல் கடற்கரையில் மீன் கீறி உப்பிடும் செசிலி எளிதில் அருவருப்புப்படுகிறவள் அல்ல. முழங்கை வரை சாளைக் குடல் அப்பியிருக்க, ஈ மொய்க்க மொய்க்கப் பக்கத்திலிருப்பவளோடு சிரித்துப் பேசுவாள். அப்படிப்பட்டவள் பிறர் நீட்டும் தண்ணீரைக் கண்டாலே முகம் சுளிக்கத் தொடங்கியது 1931க்குப் பிறகுதான்.

அவள் கணவன் ஜான்ரோஸ் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று சேதி வந்ததும் செசிலி போய்ச் சேர்ந்தாள். அவன் எழுந்து உட்காரும் நிலைக்கு வந்தபோது, அங்கிருந்த நர்ஸ் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்: "போற வழியில எந்தத் தண்ணியையும் கொதிக்க வைக்காமக் குடுக்காதே. இந்த உடம்பு தாங்காது."

ரயிலும் கப்பலும் மாறி ஏறி வர அவனுக்குக் காலில் பலமில்லை. நேராகக் குளச்சலுக்கே வரும் பாய்த்தோணி ஒன்றில் இடம் கிடைத்தது. அதன் தலைவன், தண்டல் சிலுவை, ஊர்க்காரன்தான். செசிலி ஒரு பானை நிறைய வெந்நீர் ஆற்றி எடுத்துக்கொண்டாள். காற்று இருந்தால் அது போதும். நடுக்கடலில் காற்று செத்துப்போனது. பாய் துவண்டு தொங்க, தோணி நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. பானையும் காலியானது.

எல்லோருக்குமான தண்ணீர் தோணியின் முன்பக்கம், அணியத்தில், ஒரு மரப்பீப்பாயில் இருந்தது. செசிலி மூடியைத் திறந்தாள். முட்டை அழுகிய நாற்றம் முகத்தில் அடித்தது. மேலே எண்ணெய்ப் படலம். அதில் ஊறி வெளுத்த கரப்பான் பூச்சிகள். கையை விட்டாள், பீப்பாயின் உட்புறம் சளிபோல வழுவழுத்தது. அள்ளிய தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. கையை உதறிவிட்டு மூடியைச் சாத்தினாள்.

"தண்டலாரே, இது எங்க உள்ள வெள்ளம்?"

"துறைமுகத்துக்குப் பின்னால உள்ள வாய்க்கால்ல கோரினது. கடல்ல போறவனுக்கு இதுதான். மூக்கப் பொத்திட்டுக் குடி."

அந்த வாய்க்காலை அவள் பார்த்திருக்கிறாள். அதன் கரையில்தான் கூலிக்காரர்கள் காலைக்கடன் கழிப்பார்கள்.

"கொஞ்சம் வெறகு தாரும். கொதிக்க வச்சுக்கிடுதேன்."

"வெறகு சோறு பொங்கத்தான் இருக்கு. ஆளாளுக்கு வெந்நி போட்டா எனக்க தோணியத்தான் ஒடச்சு எரிக்கணும்."

அவள் இங்கே மல்லுக்கு நின்றபோது, தாகம் பொறுக்காத ஜான்ரோஸ் பக்கத்தில் இருந்தவனின் குவளையை வாங்கிக் குடித்துவிட்டான். மறுநாள் விடியும்போது அவனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கஞ்சித் தண்ணீர் நிறத்தில் போனது. கண்கள் குழிக்குள் இறங்கின. செசிலி கடல்நீரால் கழுவித் துடைத்தபடியே இருந்தாள். மற்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி உட்கார்ந்தார்கள்.

அவனைப் படுக்கவைக்க நிழல் தேடி, பின்புறம் சிலுவை தூங்கும் கூரைக்குள் குனிந்தாள். அங்கே துணியால் வாய் கட்டிய ஒரு ஜாடி இருந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர். உள்ளே நன்னாரி வேர் கூடக் கிடந்தது.

அழுக்குத் தண்ணீரைப் பார்த்தபோது வந்ததைவிடக் கொடிய அருவருப்பு இப்போது வந்தது.

"ஒமக்கு நல்ல வெள்ளம். எங்களுக்குப் பீ வெள்ளம், இல்லியா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினாள்.

"அத வை ஏட்டி! அது எனக்குள்ளது!" என்று பாய்ந்து வந்த சிலுவையைத் தோணியில் வேலை செய்த டைட்டஸ் குறுக்கே நின்று மறித்தான். அவனும் அந்தப் பீப்பாய்த் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தான்.

"கொண்டு போங்க மைனி," என்றான். "தண்டலாரே, தள்ளி நில்லும்."

அந்த நல்ல தண்ணீர் ஜான்ரோஸின் வயிற்றில் நிற்கவில்லை. காற்று திரும்பி வீசியது; ஆனால் கரை தெரியும் முன்பே அவன் இறந்துபோனான். உடலைக் கடலில் இறக்கலாம் என்றான் சிலுவை. டைட்டஸும் மற்றவர்களும் சம்மதிக்கவில்லை. குளச்சல் மண்ணில்தான் அடக்கம் செய்தார்கள்.

துக்கம் கேட்க வந்த சிலுவை, "எல்லாம் கடவுள் சித்தம் மக்கா," என்றான்.

"கடவுளுக்க பேர இதில இழுக்காதயும். பீப்பாயில புழு விட்டது அவரா?" என்றாள் செசிலி. அவன் நின்ற இடத்தை, அவன் போனபிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

அதன்பிறகு கொழும்புக்குப் போகிறவர்கள் தோணி ஏறும் நேரத்தில் அவள் கரைக்கு வந்துவிடுவாள். பீப்பாயில் கிடந்தது என்ன என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். "சொந்தப் பானை கொண்டு போங்க. கொதிக்க வச்ச வெள்ளம், நெனச்சதுக்கு ரெண்டு மடங்கு. தீந்தா குடிக்க எளநியும் எடுத்துக்கிடுங்க." சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் ஓங்கரித்துக்கொண்டு திட்டினார்கள். சிலர் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். ஆனாலும் பானை தூக்கி ஏறுகிறவர்கள் கூடினார்கள். சிலுவையின் தோணியில் ஏற ஆளில்லாமல் போனது. டைட்டஸும் வேறு தோணிக்குப் போய்விட்டான்.

கடைசியில் சிலுவை அந்தப் பீப்பாயைக் கடலில் எறிந்துவிட்டு, மூடி போட்ட தகரத் தொட்டி வாங்கி ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினான். டைட்டஸ் அதை ஒரு நல்ல சேதியாக அவளிடம் வந்து சொன்னான்.

"ஒரு ஆளு செத்த பொறவுதான் அவனுக்குப் பீப்பாய மாத்தத் தோணிச்சா?" என்றாள். காறி மணலில் துப்பிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.