ஒரே குப்பியில் ஊற்றியது

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செல்லுக்குள் மற்றப் புரதங்களை முடுக்கிவிடும் கைனேஸ் என்ற புரதம்தான் என் பாடு. அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை விட்டால் எக்ஸ்ரே பிலிமில் ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டை நம்பி இரண்டு வருடம் ஓடியிருந்தது.

கோடு அந்தக் கைனேஸ்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு, நான் அனுப்பிய கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தாட்சி இல்லாமல் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் நிற்காது. வழி ஒன்று இருந்தது. கைனேஸில் ஆன்டிபாடி பிடிக்கிற துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து விற்பார்கள். பெப்டைடு என்று பெயர். அதை முதலிலேயே ஆன்டிபாடியோடு கலந்துவிட்டால், இரண்டு கையிலும் பை வைத்திருப்பவருக்கு பஸ் கம்பியைப் பிடிக்க முடியாதது போல, அதனால் வேறெதையும் பிடிக்க முடியாது. கோடு மறைந்தால் கோடு உண்மை.

பெப்டைடு வெளிநாட்டிலிருந்து வர ஐந்து மாதம் ஆயிற்று. இருந்த ஆன்டிபாடி முழுவதையும் ஒரே குப்பியில் கரைத்து வைத்திருந்தேன். செல்லின் புரதங்களை ஏற்றிய தாளை இரண்டாக வெட்டி, ஒன்றுக்கு வெறும் ஆன்டிபாடி, மற்றதற்குப் பெப்டைடு கலந்தது விட்டேன். பிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். முதலாவதில் கோடு, இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுவாரம் திரும்பச் செய்தால் இரண்டிலுமே கோடு இல்லை. கரண்ட் கட்டைத் திட்டினேன், பிலிம் கடைக்காரரைத் திட்டினேன். மூன்றாவது தடவை, வேலை முடிந்த ஆன்டிபாடியைக் குப்பிக்குள் ஊற்றும்போதுதான் கை நின்றது. எங்கள் கூடத்தில் ஆன்டிபாடியைக் கொட்டுகிற பேச்சே கிடையாது. பயன்படுத்தியதைத் திரும்ப ஊற்றி ஏழெட்டு முறை ஓட்டுவோம். முதல் நாள், பிலிமைப் பார்க்கிற அவசரத்தில், பெப்டைடு கலந்ததையும் அதே குப்பியில் ஊற்றியிருக்கிறேன். குப்பியிலிருந்த ஆன்டிபாடி எல்லாம் பெப்டைடைப் பிடித்துக்கொண்டு, முழுவதும் பாழ். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. முதல் நாள் பிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா ஒருவாட்டி வந்தத வச்சு என்னம்மா செய்ய?"

ஆய்வேடு கொடுக்க வேண்டிய தேதிக்குள் மறுபடி வாங்கிச் செய்ய நாள் இல்லை. மூன்று முறை வந்தது என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் நினைத்துப் பார்த்தேன். பிறகு ஆய்வேட்டில் அந்தப் பிலிமின் படத்துக்குக் கீழே, 'ஒரு முறை மட்டுமே செய்யப்பட்டது' என்று நானே தட்டச்சு செய்தேன். வாய்மொழித் தேர்வு நடத்த வந்த தேர்வாளர் ஆய்வேட்டைத் திறந்ததும் முதலில் அந்த வரியில்தான் விரல் வைத்தார்.